அம்பு எய்தவனுக்கு இரண்டு விளக்கு

வேட்டைக்குப் போன ஒருவன் விட்ட அம்பு குறி தப்பி ஒரு வெள்ளாளர் மேல் பாய்ந்தது. அவர் இறந்துபோனார். 79 நாட்டுக் குடிகள் கூடி வழக்கைக் கேட்டார்கள். எய்தவனின் தலையை யாரும் கேட்கவில்லை. 64 பசுக்களைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும், அந்த நெய்யில் இரண்டு விளக்குகள் எரிய வேண்டும் என்று தீர்ப்பானது. இது சோழர் காலத்து வழக்கு. தீர்ப்பின் நகல் இன்றும் இருக்கிறது, வந்தவாசி அருகே சீயமங்கலம் கோயிலின் கல்லில்.

இன்னொரு வழக்கு இதைவிடக் கனமானது. வரி கேட்டு வந்த அதிகாரியிடம், அந்த வரி தன்னைச் சேராது என்றாள் ஒரு பெண். அதிகாரி விடவில்லை. சத்தியச் சோதனைக்கு அவளை உட்படுத்தினார். அவள் நஞ்சு குடித்து இறந்தாள். நான்கு திசையிலிருந்தும் பதினெட்டு நாடுகளிலிருந்தும் ஆட்கள் கூடி, இந்தச் சாவுக்கு அதிகாரியே பொறுப்பு என்று முடிவு செய்தார்கள். அவர் 32 காசு கொடுத்தார். அதுவும் விளக்குக்குத்தான்.

இன்றைய வக்கீல்கள் முதல் வழக்கை அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் என்பார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 106. இரண்டாவது தற்கொலைக்குத் தூண்டிய வழக்கு. கொல்லும் நோக்கம் வேறு, கொலை நேர்ந்துவிடுவது வேறு என்று சோழர் காலத்து ஊர்ச்சபைகளுக்குத் தெரிந்திருந்தது. கையால் தொடாமலும் ஒருவரைச் சாகடிக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது. அதுவும் குற்றவாளிக் கூண்டில் நின்றது வரி வசூலிக்கும் அதிகாரி.

இதைப் படித்தவுடன் நம் முன்னோர்களின் கருணையை மெச்சத் தோன்றும். மேடைகளில் மெச்சுகிறார்கள். சட்ட வரலாற்றை ஆராய்கிறவர்கள் அவ்வளவு அவசரப்படுவதில்லை. காரணம் எளிது. தீர்ப்பு எழுதப்பட்டிருப்பது கோயில் சுவரில். கோயில் சுவரில் ஏறுவது கோயிலுக்கு வரவு வந்த சங்கதி மட்டுமே. விளக்குக்கு ஆடோ மாடோ வந்தால் கல்லில் ஏறும். ஒருவனைக் கழுவில் ஏற்றினால் கோயிலுக்கு என்ன லாபம், அதைக் கல்தச்சனுக்குக் கூலி கொடுத்து யார் வெட்டி வைப்பார்கள்? செத்துப்போன வெள்ளாளரின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஏதாவது கிடைத்ததா என்பதும் சுவருக்குத் தெரியாது. நஞ்சு குடித்த பெண்ணின் உயிருக்கு 32 காசு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் மெச்சுவதற்கு நாக்கு எழாது. சோழர் காலத்தில் தண்டனை மென்மையாக இருந்தது என்று ஒரு தலைமுறையே எழுதியதற்கு இந்தச் சுவர்களின் வரவுக் கணக்கும் ஒரு காரணம். இடைக்காலச் சட்டத்தைப் படிப்பதில் பாதி வேலை, கல் எதைச் சொல்லாமல் விட்டது என்று யோசிப்பது.

மீதிப் பாதி வேலை, கல் சொன்னதைப் படிப்பது. அதில்தான் மைசூர் வருகிறது.

ஒரு கல்வெட்டைப் படிக்க முதலில் அதன் மைப்படியை எடுக்க வேண்டும். கல்லைக் கழுவித் துடைத்து, நனைத்த காகிதத்தை அதன் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுத்தால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும். 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக ஜெர்மானியரான ஹூல்ஷ் நியமிக்கப்பட்டார். அப்போதிலிருந்து ஊர் ஊராக எடுத்த இந்தக் காகிதங்கள் மலை போலச் சேர்ந்தன. பிற்பாடு அந்த அலுவலகம் உதகமண்டலத்தில் இருந்தது. 1966இல் மைசூருக்கு மாறியது. தமிழ்நாட்டுக் கோயில்களின் காகித நகல்கள் கர்நாடகத்தில் குடியேறிய கதை இதுதான். சதி ஒன்றும் இல்லை. மத்திய அரசு அலுவலகம் ஒன்று வீடு மாறியது.

ஆனால் காவிரி விவகாரம் கனன்று கொண்டிருந்த இரண்டு மாநிலங்களுக்கிடையே இது வெறும் வீடு மாற்றமாகவே இருந்துவிட முடியுமா? தமிழ்க் கல்வெட்டுகள் மைசூரில் முடங்கிக் கிடக்கின்றன என்ற புகார் பல ஆண்டுகள் எழுந்து, கடைசியில் கோர்ட்டுக்குப் போனது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளை ஆறு மாதத்துக்குள் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. பழைய தீர்ப்புகளின் நகல்கள் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு புதிய தீர்ப்பு. அதன்பின் கட்டுக்கட்டாக மைப்படிகள் சென்னை வந்தன.

புகாரில் நியாயம் இருந்தது. தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யும் மாணவன், தன் ஊர்க் கோயிலின் கல்வெட்டைப் பார்க்க மைசூருக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. இருந்தாலும் இதே விஷயம் மார்டள்ளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும்.

மாதேஸ்வரன் மலை வட்டாரத்தில் உள்ள மார்டள்ளி, தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர். முன்பு கொள்ளேகால் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. அந்தத் தாலுகா 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்தில், கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநில மறுசீரமைப்பில் மைசூர் மாவட்டத்துக்குப் போனது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதோடு சேர்ந்தது. ஆட்கள் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. இங்கிருப்பவருக்குத் தமிழ்க் கல்வெட்டு பார்க்க வேண்டுமானால் மைசூர்தான் பக்கம். சென்னை தூர தேசம்.

கல்வெட்டுகளும் இந்த ஊர்க்காரர்களைப் போலத்தான். கொள்ளேகாலுக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் உள்ள தலைக்காடு, 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் கைக்கு வந்து ராஜராஜபுரம் ஆயிற்று. சுமார் நூறு ஆண்டு கழித்து, 1116 வாக்கில் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதைப் பிடித்தான். மைசூர் வட்டாரத்திலும் கோலார் பக்கத்திலும் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலிலோ சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் பொறித்த கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. மொழியை வைத்துக் காகிதத்தைப் பிரிக்கலாம். அந்தக் காகிதத்தில் உள்ள சட்டத்தை அப்படிப் பிரிக்க முடியாது.

இதற்குப் பெரியபுராணத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று ஓலையைக் காட்டுகிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். வழக்கு அந்த ஊர்ச் சபைக்குப் போகிறது. அனுபவ ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்ற மூன்றில் எதைக் கொண்டு நிரூபிப்பாய் என்ற கேள்வி எழுகிறது. பாட்டனாரின் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பக்தர்கள் இதில் சிவபெருமானின் விளையாட்டைப் பார்க்கிறார்கள். சட்டம் படித்தவர்கள் 12ஆம் நூற்றாண்டின் சிவில் வழக்கு நடைமுறையைப் பார்க்கலாம். எழுதிய சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், சோழ அரசில் பெரிய பதவியில் இருந்தவர். சபை எப்படி விசாரிக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே மூன்று சான்றுகளை யாக்ஞவல்கிய ஸ்மிருதி சொல்கிறது. அந்த ஸ்மிருதிக்கு 'மிதாட்சரம்' என்ற உரையை எழுதிய விஞ்ஞானேஸ்வரர், இன்றைய வட கர்நாடகத்துக் கல்யாணியில், சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் (1076-1126) வாழ்ந்தவர். சேக்கிழாருக்கு ஒரு தலைமுறை முந்தியவர். சோழனும் சாளுக்கியனும் துங்கபத்திரைக் கரையில் ஓயாமல் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பத்திரத்தை எப்படி நம்புவது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

விஞ்ஞானேஸ்வரரின் பெயரைக் கேள்விப்படாத தமிழ்க் குடும்பங்களும் அவருடைய சட்டத்தின் கீழ் வாழ்ந்திருக்கின்றன. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறந்தவுடனே பங்கு உண்டு என்பது மிதாட்சரக் கொள்கை. கோல்புரூக் அதன் தாயபாகப் பகுதியை 1810இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். இங்கிலீஷ் நீதிபதிகளுக்கு வேலை சுலபமாகிவிட்டது. கள்ளர், மறவர், கவுண்டர், நாடார் என்று யார் சொத்துத் தகராறோடு வந்தாலும் அந்தப் புத்தகத்தைப் பிரித்தார்கள். இந்த ஜனங்கள் உண்மையிலேயே இந்தச் சட்டப்படிதான் நடந்தார்களா என்று ஒரு வெள்ளைக்காரரே கேட்டார். மதுரைச் சீமையில் வேலை பார்த்து அதைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதிய ஜே. எச். நெல்சன், 1877இல் சென்னை ஹைகோர்ட் நடத்தும் இந்துச் சட்டத்தைத் தாக்கித் தனி நூலே போட்டார். சமஸ்கிருதச் சட்டம் தமிழ்ச் சாதிகளில் பெரும்பாலோருக்கு அந்நியமானது என்பது அவர் கட்சி. அவருடைய சக அதிகாரிகளுக்கு அது ரசிக்கவில்லை.

நெல்சனுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, ராமநாதபுரம் ஜமீன் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு முக்கியமான வாக்கியத்தை எழுதியிருந்தது. வழக்கம் இன்னதென்று தெளிவாக நிரூபித்தால், அது எழுதிய சாஸ்திரத்தை விஞ்சி நிற்கும் என்பது அதன் சாரம். 1868 தீர்ப்பு. ஆனால் வழக்கத்தை எதைக் கொண்டு நிரூபிப்பது? ஆயிரம் ஆண்டு விற்பனைப் பத்திரங்களும், பங்குப் பிரிவினைகளும், பெண்கள் நிலம் விற்ற செய்திகளும் கோயில் சுவர்களில் இருந்தன. அவற்றை முறையாகப் படிக்க ஹூல்ஷ் வந்தது 1886இல். சாஸ்திரம் அச்சில் இருந்தது, வழக்கம் கல்லில் இருந்தது. கோர்ட்டுக்கு அச்சில் இருந்ததுதான் தெரிந்தது. கல்லைப் படிக்காமல் விட்டதற்குத் தமிழர்கள் கொடுத்த விலை இது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போல் பிறப்புரிமை கிடைக்கத் தமிழ்நாட்டில் 1989 வரையும், கர்நாடகத்தில் 1994 வரையும், நாடு முழுதும் 2005 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

கல்வெட்டைப் படித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. கல்லில் பெண்களின் நிலை அப்படியொன்றும் ஒரே சீராக இல்லை. அரசிகளும் தேவரடியார்களும் தங்கள் பெயரிலேயே தானம் செய்திருக்கிறார்கள். பிராமணப் பெண் நிலம் விற்றால் முதுகண் என்ற ஆண் காப்பாளர் உடன் நிற்பதைப் பார்க்கிறோம். நிலவுடைமையும் ஊருக்கு ஊர் வேறு. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா, திருச்சிப் பக்கத்தில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு அண்டை ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு 1966இல் ஒரு கட்டுரை படித்தார். பிராமண ஊரான ஈசானமங்கலத்தில் நிலம் தனி ஆட்கள் கையில், வெள்ளாண் ஊரான அல்லூரில் ஊர்ப் பொதுவில். நடந்தே போகக்கூடிய இரண்டு ஊர்களில் இரண்டு விதச் சொத்துரிமை! ஒரே சாஸ்திரத்தை வைத்து இரண்டையும் அளந்திருந்தால் எவ்வளவு அபத்தம்.

பொதுமக்களுக்கு வந்து சேர்வதோ உத்தரமேரூர் மட்டும்தான். 2020 டிசம்பர் 10இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடி அதைக் குறிப்பிட்டார். குடவோலை முறை, ஜனநாயகத்தின் தாய் என்று பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிக்கிறார்கள். 30 குடும்புகள், ஓலைச் சீட்டுகள், குடத்தில் கைவிடும் சிறுவன், எல்லாம் உண்மை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்களின் சபை அது என்பதும் உண்மை. அதே கல்லில்தான் எழுதியிருக்கிறது. மேடையில் அந்த வரிகளைப் படிப்பதில்லை.

விட்டுப்போவது அது மட்டும் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்தில் 919இல் போட்ட விதியில் வயது 30 முதல் 60 வரை. 921இல் 35 முதல் 70 வரை. இரண்டே ஆண்டில் சட்டத் திருத்தம்! முதல் விதியில் ஏதோ உதைத்திருக்கிறது. கணக்குக் காட்டாமல் போன வாரியக்காரரும் அவருடைய சொந்தபந்தங்களும் நிற்கக் கூடாது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் என்ன உதைத்தது என்று ஊகிக்கலாம். திருநெல்வேலி மாவட்டம் மானூரில் இதற்கும் ஒரு நூற்றாண்டு முந்திய பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. சபையில் எந்தத் தீர்மானம் வந்தாலும் கூடாது கூடாது என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கு ஐந்து காசு அபராதம் என்கிறது அது. அந்தக் கல்வெட்டைப் பற்றி ஏனோ எந்த சபாநாயகரும் பேசுவதில்லை.

உடையார்குடிக் கல்வெட்டின் கதையும் இப்படித்தான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாசகர்களுக்கும், 2022, 2023இல் வந்த படங்களைப் பார்த்தவர்களுக்கும் அது ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற மர்மத்தின் துப்பு. காட்டுமன்னார்கோவில் சுவரில் ரவிதாசன் முதலானோர் பெயர்கள் இருப்பது உண்மையே. ஆனால் அந்தக் கல்வெட்டு கொலை வழக்கின் தீர்ப்பு அல்ல, நில விற்பனைப் பத்திரம். துரோகிகளின் நிலம் பறிமுதலாகி, விற்பனையாகி, அறத்துக்குப் போன விவரம் அதில் இருக்கிறது. கொலை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் அந்த நடவடிக்கை. பறிபோனது குற்றவாளிகளின் சொத்து மட்டும் அல்ல. பிள்ளைகள், தாய்மார், மாமன்மார், பெண் எடுத்தவர்கள் என்று உறவே வாரிச் சுருட்டப்பட்டது. உத்தம சோழனுக்குக் கொலையில் பங்குண்டா என்று நீலகண்ட சாஸ்திரி கிளப்பிய சந்தேகத்தைச் சுற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதியாகிவிட்டது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் மருமகன் ஏன் நிலத்தை இழந்தான் என்பது பற்றி எழுதியவர்கள் சொற்பம்.

இந்த நிலைக்கு வாசகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஹூல்ஷ் 1890இல் தொடங்கிய 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளின் முதல் சிலவற்றில் ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தது. 1923இல் வந்த நான்காம் தொகுதியிலிருந்து பெரும்பாலும் வெறும் பாடம்தான். வேலை குவிந்ததால் மொழிபெயர்ப்பை விட்டார்கள். மைசூர் சமஸ்தானத்தில் ரைஸ் 1886 முதல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்நாடிகா'வில் பாடமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்து வந்தன. கோலாரின் தமிழ்க் கல்வெட்டுகளுக்குக் கிடைத்த அந்த மரியாதை, தமிழ்நாட்டின் பல கோயில்களுடைய கல்வெட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. வெறும் பாடத்தைத் தமிழ் எம்.ஏ. படித்தவர்களே தட்டுத் தடுமாறித்தான் படிக்க வேண்டும். காராண்மை, மீயாட்சி, இசைவுத்தீட்டு என்ற சொற்களில் நடை நிற்கும். எ. சுப்பராயலு 2002, 2003இல் வெளியிட்ட 'தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி' வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. புதிதாகக் கண்டுபிடிக்கும் கல்வெட்டுகளின் பாடத்தைத் தஞ்சாவூரிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் 'ஆவணம்' இதழில் வெளியிட்டு வருகிறது. தேவைப்படுவது அடுத்த படி: ஒரு வழக்கை எடுத்து, பாடத்தைக் கொடுத்து, பக்கத்திலேயே இன்றைய தமிழில் விளக்கிச் சொல்லும் நூல்கள். சட்டக் கல்லூரி மாணவன் ஒருவன் ரோமானியச் சட்டத்தைப் பற்றிப் படிப்பதில் கால்வாசியாவது சீயமங்கலத்தைப் பற்றிப் படிக்க வழி இருக்க வேண்டும்.

மார்டள்ளி குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கும் உண்டு. அவர்களின் வாரிசுரிமையை மிதாட்சரம் கட்டுப்படுத்தாது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அங்கே உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அதற்கு வழி திறந்த வழக்கு, அன்று சென்னை மாகாணத்திலும் இன்று கர்நாடகத்திலும் உள்ள பெல்லாரியிலிருந்து போனது. மத்தேயு ஆபிரகாம் என்ற கிறிஸ்தவர் இறந்த பின் அவருடைய விதவை சார்லட்டுக்கும் தம்பி பிரான்சிஸுக்கும் சொத்துத் தகராறு. நாங்கள் பழைய இந்துக் கூட்டுக் குடும்பம்தான் என்றார் தம்பி. மதம் மாறியவரை இந்துச் சட்டம் கட்டாயமாகக் கட்டாது, அவர் எந்த வழக்கப்படி வாழ்ந்தார் என்று பார்க்க வேண்டும் என்று 1863இல் பிரிவி கவுன்சில் சொன்னது. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைத் தெரிந்துகொள்ள, வீட்டில் என்ன உடுத்தார்கள், யாரோடு சாப்பிட்டார்கள், கடைக் கணக்கை யார் எழுதினார் என்றெல்லாம் கோர்ட்டில் சாட்சிகளை விசாரித்திருந்தார்கள்.